கழன்ற கீயை மறுபடி மாட்டுவது எப்படி? பழைய லேப்டாப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது கீ ஒன்று கழன்று கையோடு வந்துவிட்டால், பலரும் அதை இருந்த இடத்திலேயே வைத்துக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்துவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். கீ கழலும்போது பெரும்பாலும் எதுவும் உடைவதில்லை. அதற்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் கிளிப் ஒன்று இருக்கிறது. அது கோணலாகக் கிடக்கிற நேரத்தில் மேலிருந்து அழுத்தும்போதுதான் அதன் முனை முறிகிறது. கழன்ற கீ வீட்டிலேயே முடிகிற வேலை. கிளிப் முறிந்துவிட்டால் அதே கிளிப்பைத் தேடிக் கடை கடையாக ஏற வேண்டும்.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அண்ணன் படித்து முடித்து, தங்கை படித்து முடித்து, இப்போது வீட்டுக் கணக்குக்கும் விண்ணப்பங்களுக்கும் பயன்படுகின்றன. அப்படி உழைத்த ஒன்றை ஒரே ஒரு கீ போனதற்காகப் பரணில் ஏற்றுவதைப் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை. இந்த வேலைக்குப் பயிற்சி வேண்டாம். நல்ல வெளிச்சமும் அவசரமில்லாத ஒரு மதிய நேரமும் இருந்தால் போதும்.

கீக்கு அடியில் இருப்பவை

மேலே எழுத்து அச்சிட்ட மூடி. அதன் கீழே, ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு சட்டங்களால் ஆன கிளிப். பக்கவாட்டில் பார்த்தால் கல்யாண மண்டபத்து மடக்கு நாற்காலியின் கால்களைப் போலக் குறுக்காக நிற்கும். அதன் நடுவே சின்ன ரப்பர் குமிழ். கீயை மேலே எழுப்புவது இந்தக் குமிழ்தான். கீ சாயாமல் நேராக இறங்கி ஏறும்படி பார்த்துக்கொள்வது கிளிப்பின் வேலை.

குமிழுக்கு அடியில் மூன்று அடுக்குப் பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் ஓடும் மெல்லிய கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத்தாள் அவற்றைப் பிரித்து வைத்திருக்கும். குமிழ் அழுந்தும்போது நடுத்தாளில் உள்ள ஓட்டை வழியாக மேலும் கீழும் தொட்டுக்கொள்கின்றன, எழுத்து திரையில் விழுகிறது. இத்தனைக்கும் ஆதாரமாக ஓர் உலோகத் தகடு. கிளிப்பைப் பிடித்துக்கொள்ளும் குட்டிக் கொக்கிகள் அந்தத் தகட்டிலிருந்துதான் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆக, எழுத்தை விழவைப்பதில் மூடிக்கும் கிளிப்புக்கும் நேரடிப் பங்கு இல்லை. அவை இல்லாமலும் கீ வேலை செய்யும். அடுத்துச் செய்யப்போகிற சோதனை இதை நம்பித்தான்.

கழற்றும் முன் ஒரு சோதனை

லேப்டாப்பை அணைக்காமல் நோட்பேடைத் திறந்துகொள்ளுங்கள். மூடி போன இடத்தில் தெரியும் ரப்பர் குமிழை விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். நகம் படக் கூடாது. எழுத்து விழுந்தால் அடித்தாள் நன்றாக இருக்கிறது, மூடியை மாட்டினால் வேலை முடிந்தது. விழாவிட்டால் கோளாறு தாளிலோ அங்கே படிந்த அழுக்கிலோ இருக்கிறது. அந்த நிலையில் மூடியை மட்டும் மாட்டிப் பலன் இல்லை.

சோதித்ததும் லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். பழைய மாடல்களில் அடிப்பக்கத் தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். வருமானால் எடுத்துவிடுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

முனை மெல்லிய ட்வீசர் ஒன்று. பழைய ஏடிஎம் கார்டு அல்லது கிட்டார் வாசிப்பவர்கள் வைத்திருக்கும் பிக். காது குடையும் பஞ்சுக்குச்சி, கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கேமரா உள்ள போன். இவற்றோடு விளிம்பு உயர்ந்த வெள்ளைத் தட்டு ஒன்றும் வேண்டும். கிளிப்பின் ஒரு சட்டம் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. கருப்பு மேசையில் வைத்தால் தெரியாது, மடியில் விழுந்தால் கிடைக்காது. எல்லாவற்றையும் தட்டுக்கு மேலேயே செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், அது தூங்கும் நேரமாகப் பாருங்கள்.

கிளிப் உடைந்திருக்கிறதா?

கீ கழலும்போது கிளிப் மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம், தகட்டிலேயே தங்கியிருக்கலாம், இரண்டு சட்டமும் பிரிந்து தனித்தனியாகவும் கிடக்கலாம். எப்படி இருந்தாலும் ட்வீசரால் எடுத்துத் தட்டில் வையுங்கள். தகட்டில் பாதி மாட்டியபடி இருந்தால் எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு, பிறகு கழற்றுங்கள்.

ஒவ்வொரு சட்டத்தின் ஓரத்திலும் ஊசித்தலை அளவுக்கு முளைகள் இருக்கும். நான்கு மூலைகளையும் போனில் பெரிதாக்கிப் பாருங்கள். முளை முழுசாக, உருண்டையாக இருக்க வேண்டும். கருப்புப் பிளாஸ்டிக்கில் முளையின் அடி வெளுத்துக் கோடு விழுந்திருந்தால் அது வளைந்து களைத்துப்போயிருக்கிறது. இப்போதைக்குத் தாங்கும், ஆனால் அதிகம் வளைக்காதீர்கள். ஒரு மூலையில் முளையே இல்லை என்றால் அந்தச் சட்டத்தால் இனிப் பயன் இல்லை. அதற்கு வழி பின்னால் இருக்கிறது.

மூடியையும் புரட்டிப் பாருங்கள். அடியில் நான்கு கவ்விகள் இருக்கும். அவை எல்லாம் இருக்கின்றனவா என்று மட்டும் இப்போது பார்த்தால் போதும்.

எந்தப் பக்கம் எது?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் கைவேலை; இது மட்டும்தான் புரிந்துகொள்ள வேண்டியது.

மூடியின் அடியில் உள்ள நான்கு கவ்விகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு பக்கத்து இரண்டு வட்டமாக, வாய் திறந்த வளையம் போல இருக்கும். முளை அதற்குள் ‘டக்’கென்று விழுந்து அங்கேயே சுழலும். எதிர்ப்பக்கத்து இரண்டும் நீண்ட பள்ளங்கள். முளை அதற்குள் முன்னும் பின்னும் நகரும். தகட்டிலும் இதே கதைதான். ஒரு பக்கத்துக் கொக்கிகள் முளையை அசையாமல் பிடிக்கும், மறுபக்கத்தவை நகர இடம் விடும்.

ஏன் இப்படி? குறுக்காக நிற்கும் இரண்டு சட்டங்கள் படுக்கும்போது அவற்றின் முனைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். கீ முழுக்க இறங்கும்போது அந்த விலகலுக்கு எங்காவது இடம் வேண்டும். நான்கு மூலையையும் இறுக்கிப் பிடித்துவிட்டால் கீ கீழே இறங்கவே இறங்காது. அதனால்தான் ஒரு பக்கம் பிடி, ஒரு பக்கம் ஓட்டம்.

பெரும்பாலான கீபோர்டுகளில் மேலேயும் கீழேயும் பிடி ஒரே பக்கமாகத்தான் இருக்கும். அதாவது, மூடியின் வட்டக் கவ்விகள் எந்தப் பக்கமோ, தகட்டில் முளையை அசையாமல் பிடிக்கும் கொக்கிகளும் அந்தப் பக்கமே. அப்போதுதான் மூடி பக்கவாட்டில் நகராமல் நேராக இறங்கும். கிளிப்பைத் திருப்பி வைத்துவிட்டால், ஓட வேண்டிய முளை வட்டக் கவ்வியில் சிக்கும், பாதி வழியில் கீ முட்டிக்கொண்டு நிற்கும். ‘இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்’ என்று தோன்றுகிற இடம் அதுதான். அந்தக் கொஞ்சத்தில்தான் முளை முறிகிறது.

மேலே, கீழே, இடம், வலம் எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே மாடல் லேப்டாப்பிலேயே இரண்டு வேறு தயாரிப்பாளர்களின் கீபோர்டு வந்திருக்கலாம். அதனால் எதையும் மனப்பாடம் செய்யாமல், உங்கள் கையில் இருப்பதைப் பாருங்கள்.

பார்த்தும் புரியவில்லையா? மாதிரிக்கு ஒன்றைக் கழற்றுங்கள்

அதே அளவுள்ள, குறைவாகப் பயன்படும் ஒரு கீயை மாதிரிக்கு எடுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் எண் பலகை உள்ள கீபோர்டாக இருந்தால் அதில் ஒன்று. இல்லாவிட்டால் என் தேர்வு இசட் கீ. ஆங்கிலத்தில் அதற்கு வேலை குறைவு, தமிழ்99 முறையில் தட்டுபவர்களுக்கு அது ‘ஔ’. ஒருநாள் முழுக்க எழுதினாலும் அந்த எழுத்து வராமல் போகலாம். மாறாக, எஃப் கீயைச் சோதனைக்குத் தொடாதீர்கள். தமிழ்99இல் புள்ளி அதில்தான் இருக்கிறது. அது போனால் ஒரு மெய்யெழுத்தைக்கூட நிம்மதியாக அடிக்க முடியாது.

ஏடிஎம் கார்டின் மூலையை மூடிக்கு அடியில் நுழைத்து, ஒரு ஓரத்தை மட்டும் மெல்ல நெம்புங்கள். ஓரம் எழும்பாமல் அடம்பிடித்தால் அதை விட்டுவிட்டு எதிர் ஓரத்தில் முயலுங்கள். எழும்புகிற பக்கம் வட்டக் கவ்விப் பக்கமாக இருக்கும். அது விட்டதும் மூடியைச் செங்குத்தாகத் தூக்காமல் அந்தப் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, பள்ளத்திலிருந்து நழுவவிட்டு எடுங்கள். கிளிப் தகட்டில் நிற்கும் கோலத்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துவிட்டால் மாதிரி தயார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். 2015இல் 12 அங்குல மேக்புக்கில் வந்த பட்டர்ஃபிளை வகைக் கீகள் வேறு அமைப்பு. மிக மெலிதானவை, நெம்பினால் எளிதில் உடைபவை. ஆப்பிள் 2019 இறுதியில் 16 அங்குல மேக்புக் புரோவில் பழைய குறுக்குச்சட்ட முறைக்கே திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளின் மேக்புக் உங்களிடம் இருந்தால் மாதிரிக்காக எதையும் கழற்றாதீர்கள்.

சுத்தம்

லேப்டாப்பைக் கவிழ்த்து மெல்லத் தட்டினால் பாதிக் குப்பை விழுந்துவிடும். மீதியைச் சின்ன பிரஷால் தள்ளுங்கள். முடியிழை கிடந்தால் ட்வீசரால் எடுங்கள். கொக்கிக்கடியில் ஓர் இழை சுற்றியிருந்தால்கூட கிளிப் உட்காராது. பிசுபிசுப்பு இருந்தால் பஞ்சுக்குச்சியில் ஆல்கஹாலைத் தொட்டு, பிழிந்து, துடையுங்கள். நேரடியாக ஊற்றக் கூடாது. நகப்பூச்சு அகற்றும் திரவம் வேண்டாம், அதில் உள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் எதுவும் போட வேண்டாம், தூசிதான் ஒட்டும்.

ரப்பர் குமிழ் தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முழுதாகப் பெயர்ந்து வந்திருந்தால், ரப்பருக்கு ஏற்ற இளகும் பசையை ஊசிமுனையால் தொட்டு, விளிம்பில் மூன்று நான்கு புள்ளி மட்டும் வைத்து ஒட்டுங்கள். விளிம்பு முழுக்கப் பூசினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் கீ கனத்துப்போகும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை இங்கே ஆகாது. அது ரப்பரை விறைப்பாக்கும், ஒரு சொட்டு வழிந்தாலும் தாளோடு தாளாக ஒட்டிவிடும்.

கிளிப்பைத் தகட்டில் மாட்டுவது

1. இரண்டு சட்டமும் பிரிந்திருந்தால் முதலில் கோத்துவிடுங்கள். சின்னச் சட்டம் பெரியதற்குள் உட்காரும். நடுவில் இரு பக்கமும் உள்ள முளைகள் எதிர்ச்சட்டத்தின் ஓட்டையில் விழ வேண்டும். பெரிய சட்டத்தை மயிரிழை அளவு விரித்தால் போதும்.

2. கோத்ததை மேசையில் வைத்து ஒரு முனையைத் தூக்குங்கள். குறுக்காக எழுந்து, விட்டதும் இரண்டும் ஒரே மட்டமாகப் படுக்க வேண்டும். ஒன்று துருத்திக்கொண்டு நின்றால் தலைகீழாகக் கோத்திருக்கிறீர்கள்.

3. நகரும் பக்கத்தைத் தகட்டுக் கொக்கிக்கடியில் முதலில் நுழையுங்கள். ட்வீசரால் பிடித்துச் சறுக்கினால் போகும், தள்ள வேண்டியதில்லை.

4. பிறகு பிடிப்புப் பக்கம். ஒரு முளையைக் கொக்கிக்குள் வைத்து, மற்றதை ட்வீசரின் முதுகால் மெல்ல அழுத்துங்கள். சின்னதாக ஒரு ‘டக்’ கேட்கும்.

5. ட்வீசரால் கிளிப்பைத் தூக்கிப் பாருங்கள். எழுந்து நின்று, விட்டால் விழ வேண்டும். கையோடு வந்துவிட்டால் ஒரு முளை கொக்கிக்கு மேலே கிடக்கிறது என்று அர்த்தம்.

சில கீபோர்டுகளில் கிளிப்பை முதலில் மூடியில் மாட்டி, பிறகு தகட்டில் அழுத்துவது எளிதாக இருக்கும் என்பார்கள். செய்யலாம்தான். ஆனால் அப்போது கொக்கி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. முதல்முறை செய்பவர்களுக்கு நான் தகட்டு வழியைத்தான் சொல்வேன்.

மூடியை மாட்டுவது

எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடியைக் கொஞ்சம் சாய்த்து, நீண்ட பள்ளங்களை அதற்குரிய முளைகளில் முதலில் நுழையுங்கள். மெல்ல இழுத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் பிடித்திருப்பது தெரியும். இப்போது மறுபக்கத்தை இறக்கி, வட்டக் கவ்விகள் இருக்கும் ஒரு மூலையை விரலால் அழுத்துங்கள். ஒரு ‘டக்’. அடுத்த மூலையில் இன்னொன்று. இரண்டும் தனித்தனியாகக் கேட்டால் மாட்டியாயிற்று.

சத்தம் வராமல் விரலுக்குக் கடினமாக ஏதோ முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். எடுத்து, கிளிப்பைப் பார்த்து, மறுபடி வையுங்கள். சரியாக உட்கார்ந்த முளைக்குப் பலமே தேவைப்படாது. சுவிட்சைப் போடுகிற அழுத்தம் போதும்.

மாட்டியபின் நான்கு மூலைகளையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். எந்த மூலையில் தொட்டாலும் மூடி முழுக்கச் சேர்ந்து இறங்க வேண்டும்.

ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட்

நீளமான கீகளில் கிளிப்போடு ஒரு மெல்லிய கம்பியும் வரும். ஓரத்தில் அழுத்தினாலும் கீ சாயாமல் மொத்தமாக இறங்குவது அந்தக் கம்பியால்தான். அதன் உடம்பு மூடியின் அடியில் மாட்டியிருக்கும், வளைந்த இரு முனைகளும் தகட்டில் உள்ள குட்டி வளையங்களுக்குள் போகும்.

கிளிப்பை முன்பு சொன்னபடி தகட்டில் மாட்டிவிடுங்கள். கம்பி மூடியிலேயே இருக்கட்டும். மூடியைச் சாய்த்துப் பிடித்து, கம்பியின் இரு முனைகளையும் வளையங்களுக்குள் நுழைத்த பிறகே மூடியை இறக்கி அழுத்துங்கள். வரிசை மாறி மூடியை முதலில் அழுத்தினால் கம்பி வெளியே தங்கிவிடும், ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் தொங்கும், அடிக்கும்போது ‘கடகட’ என்று சத்தம் வரும். கம்பி வளைந்திருந்தால் சமமான தரையில் வைத்துப் பாருங்கள். இரு முனையும் ஒன்றாகத் தொட வேண்டும். தொடாவிட்டால் விரலாலேயே நேராக்கலாம்.

மாட்டியும் சரியாக இல்லையென்றால்

லேப்டாப்பை இயக்கி, விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11இல் திரையில் ஒரு கீபோர்டு வரும். நீங்கள் அடிக்கும் கீ அதில் நிறம் மாறும்.

கீ ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு வட்டக் கவ்வி மாட்டவில்லை. இறங்கி எழாமல் கிடந்தால் குமிழ் நகர்ந்திருக்கிறது. நன்றாக இறங்கி ஏறியும் எழுத்து விழாவிட்டால் தாளில் கோளாறு. ஒரு முறை அடித்து இரண்டு எழுத்து விழுந்தால் பெரும்பாலும் அழுக்கு. டீயோ காபியோ கொட்டிய வரலாறு இருந்தால் சர்க்கரை தாள்களுக்கு இடையே போயிருக்கும், மேலே துடைத்துத் தீராது.

கிளிப்போ மூடியோ உடைந்திருந்தால்

மூடியைப் பசை போட்டுக் கிளிப்போடு ஒட்டாதீர்கள். பள்ளத்தில் நகர வேண்டிய முளை ஒட்டிக்கொண்டால் கீ இறங்காது, பிறகு இரண்டையும் பிரிக்கவும் முடியாது.

கிளிப் மட்டும் உடைந்ததென்றால் கடன் வாங்குங்கள். எழுத்துக் கீகளின் கிளிப்புகள் பொதுவாக ஒரே வார்ப்பு. மாதிரிக்குக் கழற்றிய கீயிலிருந்து கிளிப்பை எடுத்து, அன்றாடம் தேவைப்படும் கீக்குக் கொடுக்கலாம். தகட்டுக் கொக்கிகள் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

வாங்குவதென்றால் லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கீபோர்டின் பின்பக்க ஒட்டுச்சீட்டில் அதற்கென்று தனி எண் இருக்கும். அந்த எண், கிளிப்பின் படம், கொக்கிகளின் படம் மூன்றும் ஒத்துப்போனால்தான் பொருந்தும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பழுதான கீபோர்டுகளைப் பிரித்து வைத்திருப்பவர்களிடம் தனிக் கீ கேட்டுப் பார்க்கலாம். உடைந்த துண்டையும் தூக்கி எறியாமல் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோங்கள். “இதே கிளிப் இருக்காண்ணா?” என்று அதை எடுத்து நீட்டினால் கடைக்காரர் டப்பாவில் தேட வசதியாக இருக்கும்.

முழுக் கீபோர்டையே மாற்றுவதென்றால்

தகட்டுக் கொக்கியே ஒடிந்துபோனாலோ தாள் கெட்டுப்போனாலோ இதுதான் வழி. நல்லவேளையாக, இதில் பழைய லேப்டாப்புகள் புதியவற்றைவிட நமக்குச் சாதகம். அடிப்பக்கத்தில் சில திருகுகளைக் கழற்றி, மேலே உள்ள தாழ்ப்பாள்களை விடுவித்தால் பலவற்றில் கீபோர்டு தனியாக எழும்பி வரும். சட்டென்று தூக்கிவிடாதீர்கள், அடியில் தட்டையான ரிப்பன் கேபிள் ஒன்று மதர்போர்டோடு இணைந்திருக்கும். அதன் சாக்கெட்டில் உள்ள குட்டித் தாழ்ப்பாளை நகத்தால் திறந்த பிறகுதான் கேபிளை இழுக்க வேண்டும். புதிய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் கீபோர்டை மேல்பாகத்தோடு உருக்கிப் பதித்திருப்பார்கள். அது கடையில் செய்கிற வேலை.

பாகம் வந்து சேரும்வரை லேப்டாப்பைச் சும்மா வைத்திருக்க வேண்டியதில்லை. யூஎஸ்பி கீபோர்டு ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் ‘கீபோர்டு மேனேஜர்’ என்றொரு வசதி இருக்கிறது. பயன்படாத ஒரு கீக்குப் போன கீயின் வேலையை அதில் மாற்றிக் கொடுத்துவிடலாம். பாஸ்வேர்டு கேட்கும் திரையில் அந்த மாற்றம் வேலை செய்யாது. போன எழுத்து பாஸ்வேர்டில் இருந்தால், அதே திரையின் கீழ் மூலையில் உள்ள அணுகல் வசதிக்கான குறியைத் தட்டுங்கள். அங்கிருந்து திரைக் கீபோர்டை வரவழைத்து, மவுஸால் அந்த எழுத்தைத் தொட்டுவிடலாம்.